துப்பாக்கிக்கு இருக்கு ஜாதகம், நடராஜருக்கு?

அமெரிக்காவில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளைத் தேடித் தேடி சேகரிக்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு. வேற வேலை இல்லையான்னு சிரிக்கத் தோணும். அந்தப் பொழுதுபோக்குக்கு நான் வக்காலத்து வாங்க வரலை மக்களே. ஆனா அவங்ககிட்ட இருக்கிற ஒரு பழக்கம் நம்மகிட்ட சுத்தமா இல்லை. அந்தக் கடுப்புதான் இந்தப் பதிவு.

கனெக்டிகட் மாநிலம் மெரிடனில் பார்க்கர் பிரதர்ஸ்னு ஒரு துப்பாக்கி கம்பெனி இருந்தது. 1934-ல் ரெமிங்டன் அதை வாங்கிடுச்சு. இன்னிக்கும் ஒரு பார்க்கர் துப்பாக்கி கைக்கு வந்தா, சேகரிக்கிறவர் முதல்ல தேடுறது சீரியல் நம்பரை. அந்த நம்பருக்கான பழைய ஆர்டர் புத்தகம் தப்பிப் பிழைச்சிருந்தா, எப்போ செஞ்சது, குழல் என்ன நீளம், யாருக்கு அனுப்பினதுன்னு கடிதமே வாங்கிடலாம். அந்த உலகத்துல பூர்வீகம்தான் விலை. 1909-ல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்கா வேட்டைக்குக் கொண்டுபோன ஃபாக்ஸ் இரட்டைக்குழல் துப்பாக்கி 2010 ஏலத்தில் 8,62,500 டாலருக்குப் போச்சு. இரும்புக்கும் மரக்கட்டைக்குமா அவ்வளவு காசு? யார் கையில் இருந்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடிஞ்சுதே, அதுக்கு!

இப்போ நம்ம பக்கம் வாங்க. எங்க விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்துல ஸ்ரீபுரந்தான். அங்கே சோழர் காலத்து சிவன் கோயில்ல இருந்த நடராஜர் 2006-ல் திருடு போனார். பூட்டிக் கிடந்த கோயில். 2008-ல் கதவைத் திறக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியலை. அதே 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் சுபாஷ் கபூர்கிட்ட சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து அவரை வாங்கிடுச்சு. பூர்வீகத்துக்கு ஆதாரம்? 1970-ல் டெல்லியில் வாங்கினதுன்னு சொல்ற போலிக் காகிதம். தொல்பொருள் சட்டம் வந்தது 1972-ல். அதுக்கு முந்தின வருஷமாப் பார்த்துப் போட்டிருக்காங்க, கில்லாடிங்க.

ஒரு வேட்டைத் துப்பாக்கிக்குக் கேட்கிற கேள்வியைக்கூட நடராஜருக்கு ஒழுங்காக் கேட்கலை.

கடைசியில காப்பாத்தினது எது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எப்பவோ எடுத்து வெச்சிருந்த போட்டோ. அதையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பார்த்ததும் குட்டு உடைஞ்சது. 2014 செப்டம்பர்ல சாமி இந்தியா திரும்பினார். இந்த மாதிரி சிலைகளைத் துரத்திப் பிடிச்சவங்கள்ல முக்கியமான எஸ். விஜயகுமார் யாரு? கப்பல் கம்பெனி வேலைக்கு நடுவுல 'பொயட்ரி இன் ஸ்டோன்' எழுதின பதிவர். நம்ம ஜாதிதான் :-)

நம்ம ஊர்ல லைசென்ஸ் வெச்சிருக்கிறவர் வீட்டு டபுள் பேரலுக்கும் லைசென்ஸ் புத்தகத்துல நம்பர் உண்டு. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லி ஆள் தேடி வரும். துப்பாக்கியை எண்ணத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு, பூட்டின கோயிலுக்குள்ள சாமி இருக்காரான்னு பார்க்க ரெண்டு வருஷம் ஆச்சு!

"சாமிக்கு எதுக்குய்யா நம்பர்?" என்பார்கள். சாமிக்கு வேணாம். திருடன்கிட்டயிருந்து திரும்ப வாங்க நமக்கு வேணும். ப்ரைமரி கீ இல்லாத டேபிள்ல ஒரு வரி காணாமப் போனா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

"போட்டோ போட்டா திருடனுக்கு வழி காட்டின மாதிரி ஆகிடாதா?" ஸ்ரீபுரந்தானுக்கு எந்தப் பதிவரும் வழி காட்டலை. திருடனுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்தது. தெரியாம இருந்தது நாமதான்.

எங்க ஊர்லயே சோழர் காலத்து புத்தர் சிலை இருக்கு, தீர்த்தங்கரர் சிலை இருக்கு. உங்க ஊர்லயும் ஏதாவது இருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போனா நாலு பக்கமும் படம் எடுங்க. உயரம் அளங்க. உடைஞ்ச விரல், தேய்ஞ்ச மூக்கு, பீடத்துக் கீறல் எல்லாம் குறிச்சு, தேதியோட பத்திரப்படுத்துங்க. செல்போன் போதும்.

டிஸ்கி: கருவறைக்குள்ள படம் எடுக்க அனுமதி கேட்டுட்டு எடுங்க. அடி வாங்கிட்டு வந்து பின்னூட்டத்துல என்னைத் திட்டாதீங்க.