குழாய்க்கு ஆசிட், மண்ணுக்கு ஏரித் தண்ணீர்

சொட்டு நீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் கிடைக்கிறது. அப்படியிருந்தும், போட்ட குழாயை இரண்டு மூன்று ஆண்டுகளில் சுருட்டி வரப்போரம் வைத்துவிட்டவர்கள் நம்மிடையே உண்டு. 'இலவசமாக வந்தது, அதனால்தான் அக்கறையில்லை' என்று ஒரு பேச்சும் அடிபடுகிறது. இதை ஏற்க முடியாது. டிரிப்பரை அடைப்பது விவசாயியின் அலட்சியம் அல்ல, தண்ணீரில் உள்ள உப்பு. அதை எப்படிக் கழுவி வெளியேற்றுவது என்று வயலில் வைத்துக் கற்றுத் தராததுதான் குறை.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதிக்கு இது கூடுதலாகப் பொருந்தும். இங்கு நிலத்தடியில் உள்ள மணற்கல், களிக்கல் அடுக்குகளை நிலவியலாளர்கள் 'ஸ்ரீபெரும்புதூர் படிவுகள்' என்றே அழைக்கிறார்கள். கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்களும் இவற்றில் கிடைத்துள்ளன. களிக்கல்லில் நீர் மெதுவாகவே நகரும். நெடுநாள் தங்கும் நீரில் உப்பு ஏறும். எனவே பக்கத்து வயல் போரில் நல்ல தண்ணீர் வருகிறது என்பதை வைத்து நம் போரை எடைபோடக் கூடாது.

இதே பகுதியில் உள்ள தொழிற்சாலைகளைப் பாருங்கள். சென்னை கோயம்பேட்டில் கழிவுநீரைச் சுத்திகரித்து, ஆர்.ஓ. முறையில் உப்பு நீக்கி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் நிலையம் 2019-ல் தொடங்கப்பட்டது. அந்த நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட்களுக்குக் குழாயில் போகிறது. உப்பு நீரைக் குழாயில் விட்டால் இயந்திரம் கெடும் என்று தொழிற்சாலைக்குத் தெரியும். கோவளத்துப் படகுக்காரரைக் கேட்டாலும், கடல் நீர் ஓடிய மோட்டாரை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்வார். விவசாயி மட்டும் போரில் வருவதை அப்படியே டிரிப்பருக்கு விட வேண்டியிருக்கிறது. அவருக்கு யாரும் ஆர்.ஓ. நீர் தரப் போவதில்லை. கழுவும் முறையையாவது தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

முதல் வேலை தண்ணீர்ப் பரிசோதனை. அந்த அறிக்கை மானியக் கோப்பில் ஒரு தாளாக முடங்கிவிடக் கூடாது. கார அமில நிலை 7-க்குக் கீழே இருந்தால் அடைப்புக் கவலை குறைவு. 8-ஐத் தாண்டினால் கடுமை. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. 2,000-க்கு மேல் போனால் அடைப்பு அதிகம். இரும்புச்சத்து 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலும் அப்படியே. இந்த எண்களைப் பார்த்துத்தான் எந்த வடிகட்டி, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆசிட் என்று முடிவு செய்ய வேண்டும்.

டிரிப்பர் வாயில் படியும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் சுண்ணாம்பு. அதைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். அளவை எவரும் சொல்லி வாங்க வேண்டியதில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் உங்கள் போர் தண்ணீர் 10 லிட்டர் எடுத்து, அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்கி, பி.எச். தாளில் 4 காட்டும் வரை பாருங்கள். 10 மி.லி. பிடித்தது என்றால், குழாயில் ஓடும் 1,000 லிட்டருக்கு 1 லிட்டர் அமிலம். மணிக்கு 6,000 லிட்டர் ஓடும் வயலில் 15 நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் ஆகும். இதை வெஞ்சுரி வழியாக விட்டு, கடைசி டிரிப்பரில் சொட்டும் நீரிலும் 4 வந்ததும் மோட்டாரை நிறுத்துங்கள். 24 மணி நேரம் கழித்து முதலில் துணைக் குழாயின் வால்வையும், பிறகு பக்கக் குழாய்களின் கடைசி மூடிகளைச் சில சிலவாகவும் திறந்து, தெளிந்த நீர் வரும் வரை ஓடவிடுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது. பாசி, வழவழப்புக்குப் பிளீச்சிங் பவுடர் விடுபவர்கள் அதை அமிலத்தோடு ஒரே நேரத்தில் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

இத்தனையும் செய்தால் குழாய் பிழைக்கும். மண்?

அமிலம் சுண்ணாம்பைக் கரைக்குமே தவிர, தண்ணீரில் கரைந்து வரும் உப்பை நீக்காது. தண்ணீரின் மின்கடத்தும் திறன் 2 டெசிசீமன் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்குச் சுமார் 1,280 மில்லிகிராம் உப்பு. ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 16,000 லிட்டர் விட்டால் சுமார் 20 கிலோ உப்பு வயலுக்குள் போகிறது. நூறு நாள் பயிருக்கு 2 டன். பயிர் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பின் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். சொட்டு நீரில் அந்த உப்பு ஈர வட்டத்தின் ஓரத்தில் போய்ச் சேரும். முதல் தூறலில் அது வேருக்குத் திரும்பும். அதனால்தான் லேசான மழை பெய்யும்போதும் சொட்டு நீரை நிறுத்தக் கூடாது என்கிறோம். நிலக்கடலை, நெல் மண்ணில் 3 டெசிசீமன் வரை தாங்கும். மிளகாய் 1.5-ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும்.

மண்ணிலிருந்து உப்பைக் கீழே இறக்க நல்ல தண்ணீர் நின்று வடிய வேண்டும். களர் நிலமாக இருந்தால் அதற்கு முன் ஜிப்சமும் இட வேண்டும். இந்த வேலையை நம் ஊரில் காலங்காலமாகச் செய்து வந்தது வடகிழக்குப் பருவமழையும் ஏரிப் பாசனமும்தான். ஆண்டுக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை பெறும் மாவட்டம் இது. மழை குறையவில்லை என்றாலும், வரத்துக் கால்வாய் சாலைக்கு அடியிலோ மதில் சுவருக்குப் பின்னாலோ தடைபட்டால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாத ஊரில் விவசாயி ஆண்டு முழுவதும் போரையே நம்புவார், உப்பும் ஆண்டுக்காண்டு ஏறும்.

எனவே இரண்டு கோரிக்கைகள். சொட்டு நீர் அமைத்த ஒவ்வொரு வயலிலும் முதல் ஆசிட் கழுவலை, தோட்டக்கலை அலுவலரோ நிறுவனப் பணியாளரோ விவசாயியின் கையாலேயே செய்ய வைத்துக் காட்ட வேண்டும். அதுவரை பணி முடிந்ததாகக் கணக்கு எழுதக் கூடாது. அடுத்து, சிப்காட்டுக்குள்ளும் ஓரத்திலும் போகும் வரத்துக் கால்வாய்களை அளந்து, புரட்டாசி முடிவதற்குள் தூர்வார வேண்டும். ஆலைகளுக்கு உப்பில்லாத நீரைக் கோயம்பேட்டிலிருந்து கொண்டுவர முடிந்த அரசுக்கு, பெய்யும் மழையை ஏரி வரை கொண்டுசேர்ப்பது முடியாத காரியம் அல்ல.