கடனுக்குப் புது லப்டொப் எடுக்க முன்னர்

“மிஸ், கடையில காட்டினனான். இது இனிச் சரிவராதாம், புதுசு எடுக்கச் சொல்லுகினம். மாதம் மாதம் கட்டலாமாம்.”

மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எழும்பும்போது இப்படிக் கேட்கும் சகோதரிகள் இப்போது அதிகம். முன்பெல்லாம் கடன் எடுத்துத் தையல் இயந்திரம் வாங்கலாமா, நீர் இறைக்கும் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்பார்கள். இன்று லப்டொப்பும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. ஆகவே இம்மாதம் அதைப் பற்றியே பேசுவோம்.

எமது வீடுகளுக்கு இந்த லப்டொப்கள் எப்படி வந்தன? 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வரத் தொடங்கின. பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்று பலர் அப்போதுதான் முதன்முதலாக ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சிலருக்குக் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சகோதரம் பாவித்துவிட்டு அனுப்பியது. பிரான்சிலிருந்தும் சுவிசிலிருந்தும் வந்தவற்றை விசைப்பலகையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம், எழுத்துக்கள் இடம் மாறியிருக்கும். (அதற்காக எவரும் புதிது வாங்க வேண்டியதில்லை. அமைப்புகளில் ஆங்கில விசைப்பலகையைத் தெரிவுசெய்து, மாறிய விசைகளில் சிறு ஒட்டுத்தாள் ஒட்டினால் போதும். பாமினியில் தட்டச்சுச் செய்யும் எங்கள் பிள்ளைகள் விசையைப் பார்ப்பதே இல்லை.)

அந்த லப்டொப்களில் பிள்ளைகள் உயர்தரம் வரை படித்தார்கள். தாய்மாரும் சங்கக் கணக்கு எழுதினார்கள், தட்டச்சு வேலை எடுத்துச் செய்தார்கள். இன்று அவை களைத்துப்போய்விட்டன. போதாக்குறைக்கு, விண்டோஸ் 10 இற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. “இனிச் சரிவராது” என்று கடைகளில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் பொருள் லப்டொப் மறுநாள் நின்றுவிடும் என்பதல்ல. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதுதான். விரும்பிப் பதிவு செய்வோருக்கு மட்டும் 2026 ஒக்டோபர் வரை ஒரு வருட நீடிப்புக் கொடுக்கப்பட்டது. வங்கிக் கணக்கைப் பார்ப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

இனி, லப்டொப் ஏன் மெதுவாகிறது என்று பார்ப்போம். பழையவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஹார்ட் டிஸ்க். அதற்குள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுழல, ஒரு சிறு முனை அங்குமிங்கும் ஓடி எழுத்துக்களைத் தேடி வாசிக்கிறது. தேடித் தேடியே நேரம் போகிறது. முச்சக்கர வண்டியில் கிரவல் ரோட்டால் குலுங்கிப் போனால் அந்த முனை தட்டில் உரசிப் பழுதடையவும் கூடும். இதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்று ஒன்று கிடைக்கிறது. அதில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிய அதே இடத்தில் இதைப் பூட்டலாம். பத்து நிமிடம் காத்திருந்து திறந்த லப்டொப், இதைப் போட்டபின் ஒரு நிமிடத்துக்குள் திறப்பதைப் பார்க்கும்போது, புதிது வாங்க நினைத்தவர்களுக்கே மனம் மாறிவிடும்.

அடுத்தது ராம் எனப்படும் நினைவகம். டிஸ்க்கைக் களஞ்சிய அறை என்று வைத்துக்கொண்டால், ராம் என்பது சமைக்கும்போது பக்கத்தில் வைத்திருக்கும் சுளகு. சுளகு சிறிதென்றால் ஒவ்வொன்றுக்கும் எழும்பிக் களஞ்சியத்துக்கு ஓட வேண்டும். 4 ஜீபி உள்ளதை 8 ஜீபி ஆக்கினால் சூம் வகுப்பும் இணையமும் தட்டச்சும் ஒன்றாக ஓடும். ஆனால் டி.டி.ஆர். 3 வகைக்கு உரிய இடத்தில் டி.டி.ஆர். 4 பொருந்தாது. மெல்லிய லப்டொப்கள் சிலவற்றில் ராமைப் பலகையோடு சேர்த்தே ஒட்டியிருப்பார்கள், மாற்றவே முடியாது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கணினி நிலையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025 இன் பிற்பகுதியில் உலகம் முழுவதும் நினைவகத்தின் விலை ஏறியது. எங்கோ அமெரிக்காவில் கட்டும் கட்டடத்துக்கு முல்லைத்தீவில் இருக்கும் நாமும் பங்கு கட்டுகிறோம்! எனவே முதலில் எஸ்.எஸ்.டி.யைப் போட்டுப் பாருங்கள், அது போதாவிட்டால் மட்டும் ராம்.

விண்டோஸ் 11 உங்கள் லப்டொப்பில் ஓடுமா? இன்டெல் கோர் ஐ3, ஐ5 என்ற பெயருக்குப் பின்னால் ஓர் எண் வரும். அது 5200, 6200, 7200 என்பதுபோல 2 முதல் 7 வரையான இலக்கத்தில் தொடங்கும் நான்கு இலக்க எண்ணானால் பெரும்பாலும் ஓடாது. 8 இல் தொடங்கினால் ஓடும். 2017 இல் வெளிவந்த எட்டாம் தலைமுறையே பொதுவான எல்லை. எல்லைக்கு அப்பால் நிற்பவர்கள் லினக்ஸ் மின்ட் என்ற இலவச மென்பொருளைப் போடலாம். பாமினி எழுத்துருவை அதிலும் நிறுவலாம், வேர்ட் கோப்புகளையும் திறக்கலாம், பக்க அமைப்பு மட்டும் சில வேளை சற்றுக் கலையும். பழகும் வரை இரண்டு மூன்று நாட்கள் எரிச்சல் வரும்.

இவ்வளவையும் விட முக்கியமானது கடன். தவணைக்கு எடுப்பவருக்கு லப்டொப்பின் விலை கடையில் ஒட்டியிருக்கும் விலை அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு இலட்சம் ரூபா கடன், இரண்டு வருடம், “வருடத்துக்கு 20 வீத வட்டிதான்” என்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு வட்டி 40,000. மொத்தம் 1,40,000. மாதம் 5,833 ரூபா. இதில் ஒளிந்திருப்பது என்ன? நீங்கள் மாதாமாதம் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். ஒரு வருடம் முடியும்போது உங்கள் கையில் அவர்களின் பணம் ஏறக்குறையப் பாதிதான் இருக்கும். வட்டியோ முழு இலட்சத்துக்கும் கட்டுகிறீர்கள். மீதிக்கு மட்டும் வட்டி என்று சரியாகக் கணக்கிட்டால் அந்த 20 வீதம் உண்மையில் ஏறக்குறைய 35 வீதம். ஆகவே கடனுக்குக் கையெழுத்து வைக்க முன்னர் ஒரு கேள்வி கேளுங்கள்: “முதல் குறையக் குறைய வட்டியும் குறையுமா?” மறுமொழி மழுப்பலாக வந்தால் எழும்பி வாருங்கள்.

நுண்நிதிக் கடன் எமக்குப் புதிதல்ல. போர் முடிந்து ஏ9 பாதையால் அந்தக் கம்பனிகள் வந்ததும், தவணை நாளில் ஆட்கள் வாசலில் வந்து குந்தியிருந்ததும் நாம் கண்டவை. 2018 இல் மங்கள சமரவீர நிதியமைச்சராக இருந்தபோது, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்து, மூன்று மாதங்களுக்கு மேல் கட்ட முடியாமற்போன, ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வர வேண்டியிருந்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் அப்போதுதான் வந்தது. குழுக்கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். உங்கள் வீட்டு லப்டொப்புக்காக அடுத்த வீட்டுச் சகோதரி கோழி விற்க நேரலாம். தையல் இயந்திரம் தன் தவணையைத் தானே உழைத்துத் தரும். லப்டொப் உழைக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தட்டச்சு, புகைப்படம், கணக்கு வேலை என்று அதனால் வருமானம் வருகிறதென்றால் அது வேறு கதை.

புதிதே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாய்ப்பலகை எரிந்துவிட்டது, பிணைச்சல் உடைந்துவிட்டது, பற்றரியும் வீங்கிவிட்டது என்றால் அதில் காசைக் கொட்டுவது வீண். (பற்றரி வீங்கி விரல் வைக்கும் தட்டு மேலெழும்பியிருந்தால் உடனே பாவனையை நிறுத்துங்கள், தீப்பற்றக்கூடும்.) திருத்தும் செலவு, பாவித்த நல்ல லப்டொப் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கணக்கு. அதேபோல மகளுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடம் கிடைத்துவிட்டது என்றால், வரைபட மென்பொருட்களைப் பழைய லப்டொப் தாங்காது. அந்த இடத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. ஆனால் அதற்கான பணத்தைச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலோ, உங்கள் சங்கத்தின் சுழற்சி நிதியிலோ முதலில் கேளுங்கள். உத்தரவாதக் காலத்துடன் வரும், அலுவலகங்கள் பாவித்துக் கழித்த எட்டாம் தலைமுறை லப்டொப்பையும் விசாரியுங்கள். பெயர் தெரியாத மலிவான புதியதை விட அது உழைக்கும்.

திருத்தக் கொடுக்க முன்னர் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. 2009 இல் உடுத்த உடுப்போடு வந்தபோதும் ஆவணப் பையைக் கைவிடாமல் கொண்டுவந்தவர்கள் நாம். அந்தப் பைக்குள் இருந்தவை இப்போது லப்டொப்பிலும் இருக்கின்றன: காணி உறுதி, மரணச் சான்றிதழ், 2013 இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாடு, பிறகு காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த பிரதி, அவருடைய ஒரேயொரு படம். சிலரிடம் அந்தப் படத்தின் தாள் பிரதி கறையான் அரித்துப்போய்விட்டது, டிஸ்க்கில் இருப்பதே மீதி. பென் டிரைவில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

எஸ்.எஸ்.டி. பூட்டியதும் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அழித்தாலும் அதிலுள்ள படங்களை மீட்டெடுக்க முடியும். பெண் பிள்ளைகளின் படங்கள் அப்படி வெளியே போனால் என்னவாகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. முடிந்தால் பக்கத்தில் இருந்தே மாற்றுவியுங்கள். டிஸ்க்கைக் கையில் வாங்கி, யூ.எஸ்.பி. பெட்டி ஒன்றில் போடச் சொல்லுங்கள், பெரிய பென் டிரைவ் போல அது பாவனைக்கு வரும். கடையை விட்டு வெளியேற முன்னர் அதைச் செருகி, படங்கள் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.