சாவி யார் கையில்?

பொருளாதாரத் தடை என்றதும் எண்ணெயும் வங்கிகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 2023 டிசெம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு எதிராக அறிவித்த 12ஆவது தடைத் தொகுதியில், தொழிற்துறை வடிவமைப்புக்கும் உற்பத்திக்குமான மென்பொருள்களும் இருந்தன. இதைச் சாதாரண வர்த்தகத் தடையாக நான் பார்க்கவில்லை.

சீமென்ஸின் என்.எக்ஸ், டசோவின் கட்டியா போன்ற மென்பொருள்களில் ஓர் இயந்திரப் பாகத்தை வரையலாம். அது சுமை தாங்குமா என்று சோதிக்கலாம். வெட்டும் இயந்திரத்துக்கான கட்டளைகளையும் உருவாக்கலாம். வசதியும் அதுதான், பொறியும் அதுதான். வேறு மென்பொருளுக்கு மாறும்போது வடிவம் போய்ச் சேரும். அதை உருவாக்கிய படிமுறைகள் பெரும்பாலும் தொலைந்துவிடும். ரஷ்யாவிடம் சொந்தமாகக் கொம்பாஸ்-3டி இருந்தும் மாற்றம் இலகுவல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படையெடுத்த நாட்டுக்கு எதிராக இது நியாயமான ஆயுதமே எனலாம். ஆனால் 2025 மே மாதம் சிப் வடிவமைப்பு மென்பொருள்கள் சீனாவுக்குச் செல்வதை அமெரிக்கா கட்டுப்படுத்தியது, யூலையில் தளர்த்தியது. அங்கே நடந்தது போரல்ல, வர்த்தகப் பேரம்.

ஆகவே, ஃப்ரீகேட் போன்ற திறந்த மூல மென்பொருள்களை மாணவர்களுக்குக் கற்பிப்பது சிறிய நாடுகளுக்குச் சிக்கனம் மட்டுமல்ல, தற்காப்பும் என்பேன்.