அங்கே மூன்று கார், இங்கே ஐம்பது கார்!



2025 ஜூலையில் நம்ம செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியர் கோட்டைகள் 12-ஐ ஒரே தொகுப்பாகச் சேர்த்தார்கள். 11 மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று நம்முடையது! பெருமைதான். ஆனால் வெளியூர்க்காரர் எப்படி வந்து சேருவார்?

செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனத்தில் இறங்கி வரணும். விமானத்தில் வருகிறவருக்குக் கிட்டத்தில் இருப்பது புதுச்சேரி விமான நிலையம், சுமார் 70 கி.மீ. 2024 டிசம்பரில் இண்டிகோ அங்கிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் விமானம் விட ஆரம்பித்தது. இறங்குகிறவர்களில் சிலர், "டிரைவர் வேண்டாம், நானே ஓட்டிக்கிறேன், வண்டி மட்டும் வாடகைக்குக் கொடுங்க" என்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் எங்க வீடு விழுந்தது.

அப்பா கமிட்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறார். அண்ணன் டிரைவர். லோன் போட்டு ஒரு கார் வாங்கினார், வெள்ளை போர்டு. தெரிஞ்சவர் ஒருத்தர், "ஏர்போர்ட்ல இறங்குற பார்ட்டிக்கு மூணு நாளைக்கு வண்டி வேணும், நல்ல வாடகை" என்றார். அண்ணன் விமான நிலைய வாசலில் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். மூன்றாம் நாள் வண்டி புளியமரத்தில் மோதியது. ஓட்டியவருக்குக் கீறல் இல்லை. வண்டி நொறுங்கிப் போச்சு.

இன்சூரன்ஸில் பணம் தர முடியாது என்றார்கள். "ஏமாத்துறானுங்க" என்று அண்ணன் கத்தினார். பாலிசியை வாங்கி நான் படித்தேன். எங்க வீட்டில் இங்கிலீஷை எழுத்துக் கூட்டியாவது படிக்கிறவன் நான் ஒருத்தன்தான். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட்டால் நஷ்டஈடு கிடையாது என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது. அந்தத் தாள் ஒரு வருஷமாக டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஆட்டோமொபைல் படிக்கிற நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை! இன்று அம்மாவின் செயின் அடகில், வண்டி ஷெட்டில். டியூ மட்டும் மாசாமாசம் நிற்காமல் ஓடுகிறது.

"முறைப்படி செய்திருக்கலாமே" என்பீர்கள். செய்ய முடியுமா? டிரைவர் இல்லாமல் காரை வாடகைக்கு விட 1989-இல் மத்திய அரசு ஒரு திட்டம் வகுத்தது. அந்த வண்டிக்குக் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து. லைசென்ஸ் கேட்கிறவரிடம் குறைந்தது 50 கார் இருக்கணும், அதில் பாதி ஏ.சி. வண்டியாக இருக்கணும் என்கிறது அந்தத் திட்டம். ஐம்பது! செஞ்சியில் எந்தத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஐம்பது கார் வாங்குவான்?

அமெரிக்காவில் 1946-இல் வாரன் ஏவிஸ் என்பவர் ஒரு விமான நிலையத்தில் வாடகைக் கார் தொழில் தொடங்கியபோது அவரிடம் இருந்தவை மூன்றே கார்கள். இன்று ஏவிஸ் உலகமெங்கும் தெரிந்த பெயர். மூன்றில் தொடங்க விட்டதால்தானே அந்த வளர்ச்சி? கோட்டை நம்முடையது, அதைப் பார்க்க வருகிறவர் கொடுக்கும் வாடகை மட்டும் ஐம்பது கார் முதலாளிக்கா?

ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருகிறவர் உயிர் முக்கியம். எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், வண்டிப் பராமரிப்பு எதிலும் சலுகை வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் குறையுங்கள். அல்லது ஆளுக்கொரு கார் வைத்திருக்கும் ஐம்பது பேர் கூட்டுறவாகச் சேர்ந்தால் லைசென்ஸ் கொடுங்கள். இதுதான் என் கோரிக்கை.

அதுவரை நாம் செய்ய வேண்டியது என்ன? ஒரு கார்தான் இருக்கிறதா? மஞ்சள் போர்டாக மாற்றி, பர்மிட் எடுத்து, நாமே ஓட்டுவோம். வரியும் பிரீமியமும் கூடத்தான் செய்யும். ஆனால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். நாமே வாடகைக்கு எடுக்கப் போனால் முதலில் போர்டு நிறத்தைப் பார்ப்போம். ஆர்.சி., இன்சூரன்ஸ் தேதியைப் பார்ப்போம். இருக்கிற கீறல், நெளிவை எல்லாம் சாவி வாங்கும் முன்பே போட்டோ எடுத்து வைப்போம்.

கடைசியாக ஒன்று நண்பர்களே. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் யாரும் படிக்காத தாள்கள் இருக்கும். இந்த வாரம் ஊருக்குப் போனால் அதைத் திறந்து, ஒவ்வொன்றாக அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் ஒரு வருஷம் லேட். நீங்கள் லேட் ஆகாதீர்கள்!

– மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன், செஞ்சி