தாதியிடம் மறைக்க வேண்டாம்



"வேறு மருந்து ஏதும் பாவிக்கிறீர்களா?" என்று வைத்தியசாலையில் தாதி கேட்டால், நம்மில் பலர் "இல்லை" என்றே தலையாட்டுகிறோம். கஷாயம் குடிப்பதைச் சொன்னால் சிரிப்பார்களோ என்ற கூச்சம்தான் காரணம்.

கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் போன்ற இடங்களில் வாழும் எம்மவருக்கும் நாட்டு மருந்து அந்நியமல்ல. அந்த நாட்டில், மண்டலேயில், 2001 முதல் பாரம்பரிய மருத்துவத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் உண்டு.

ஆனால் மறைப்பதில் ஆபத்து உண்டு. நீரிழிவுக் குளிசையோடு பாகற்காய்ச் சாறும் குடித்தால், இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். அதிமதுரத்தைத் தொடர்ந்து பாவித்தால் இரத்த அழுத்தம் ஏறலாம்.

தாதியரும் இதைக் கேட்கப் பழகி வருகிறார்கள். சில நாடுகளில் பயிற்சியின்போது கணினித் திரையில் தோன்றும் கற்பனை நோயாளியோடு பேசிப் பார்க்கிறார்கள். கேட்கும் விதத்தைப் பொறுத்தே அந்த 'நோயாளி' பதில் சொல்வார். பிழை விட்டாலும் எவருக்கும் தீங்கில்லை. திரும்பவும் கேட்டுப் பழகலாம்.

நாமும் சொல்லப் பழகுவோம். அடுத்த முறை போகும்போது கஷாயப் போத்தலையும் சூரணச் சரையையும் கையோடு கொண்டு போங்கள். மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளைகளை வைத்துச் சமாளிக்க வேண்டாம்.