வரும் மெயில் வரும், போகும் மெயில் போகாது

நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கப் போகும் ஓய்வுபெற்ற தம்பதியின் பெட்டியில், ஊறுகாய், மாத்திரைகளோடு ஒரு பழைய லேப்டாப்பும் இருப்பது சகஜம். போய்ச் சேர்ந்த மறுநாள் அதைத் திறந்தால் பாதி சந்தோஷம்தான். வங்கியிலிருந்தும் சம்பந்தி வீட்டிலிருந்தும் இ-மெயில்கள் வந்து இறங்கிவிடுகின்றன. பதில் எழுதி அனுப்பினால் மட்டும் அது அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்துகொள்கிறது. ஓரிரு நிமிடம் கழித்து, சர்வர் பதில் தரவில்லை என்று ஒரு வரி. வைரஸாக இருக்கும் என்கிறார் மாப்பிள்ளை. லேப்டாப்பை மாற்றிவிடலாம் என்கிறாள் மகள். இரண்டுமே தப்பு.

பிரவுசரில் மெயில் பார்ப்பவர்களுக்கு இந்த அவஸ்தை கிடையாது. அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற சாஃப்ட்வேரில் எப்போதோ யாரோ செய்துகொடுத்த அமைப்பை அப்படியே வைத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மெயில் வருவதும் போவதும் இரண்டு தனித்தனி இலாகாக்கள். வருவதை எடுத்துத் தரும் சர்வர் ஆரம்பம் முதலே பாஸ்வேர்டு கேட்கிறது. எந்த ஊரிலிருந்து கேட்டாலும் கொடுக்கும். அனுப்பும் இலாகாவின் கதை வேறு. அதன் விதிமுறையான எஸ்.எம்.டி.பி.யை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதியபோது நெட்வொர்க்கில் இருந்தவை சில நூறு கம்ப்யூட்டர்கள்தான். பாஸ்வேர்டு வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தெருமுனைத் தபால்பெட்டி மாதிரி, யார் வேண்டுமானாலும் போடலாம்; அனுப்புநர் இடத்தில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். அந்தப் பெட்டியின் கதவு எண் 25.

இந்த வெகுளித்தனத்துக்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. 2003 ஆகஸ்டில் பரவிய சோபிக் வைரஸ், மெயில் அனுப்பும் எந்திரத்தைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது. அது புகுந்த கம்ப்யூட்டர், சொந்தக்காரருக்குத் தெரியாமலே மெயில்களைக் கொட்டியது. விளம்பரக் குப்பை அனுப்புகிறவர்கள் இந்த வித்தையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே இணைப்பு தரும் கம்பெனிகள் வீடுகளிலிருந்து வெளியே போகும் 25-ம் எண் கதவை மூட ஆரம்பித்தன. பல வீடுகளுக்கு இணைப்பு தரும் காம்காஸ்ட் அதை மூடி, 587-ஐப் பயன்படுத்தச் சொல்கிறது. குப்பை மெயிலுக்குப் பேர்போன நாடுகளில் ஒன்றாக இருந்த பிரேசில், 2012-13-ல் நாடு முழுக்க வீட்டு இணைப்புகளில் 25-ஐ மூடியது. செய்தது சரியான காரியம்தான். ஆனால் மூடிய கதவின் மேல் 'மூடப்பட்டுள்ளது' என்று ஒரு பலகை மாட்டக்கூட இல்லை. ஊரில் திறந்திருந்த வழி இங்கே அடைபட்டிருக்கிறது என்பது பயணிக்கு எப்படித் தெரியும்?

மாற்று வழி 1998 டிசம்பரிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. 587-ம் எண், வீட்டுக்காரர் தன் மெயில் கம்பெனியிடம் பாஸ்வேர்டைக் காட்டிக் கடிதத்தை ஒப்படைக்கும் தனிக் கவுன்டர். 465 இன்னொன்று. 1997-ல் ஒதுக்கி, மறு வருஷமே பறித்து, 2018-ல் திரும்பக் கொடுக்கப்பட்ட எண் அது. அரசு அலுவலகங்களுக்குச் சளைத்ததல்ல இன்டர்நெட்டும். அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ 'வெளியே போகும் சர்வர்' என்ற இடத்துக்குப் போய் 25-ஐ அழித்து, 587 போட்டு ஸ்டார்ட்-டி.எல்.எஸ். என்பதையோ, 465 போட்டு எஸ்.எஸ்.எல். என்பதையோ தேர்ந்தெடுக்க வேண்டும். 'இந்த சர்வருக்குப் பாஸ்வேர்டு தேவை' என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். பலருக்கு இத்தோடு வேலை முடிந்தது.

ஜிமெயில்காரர்களுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. 2022 மே 30-லிருந்து தனிநபர் கணக்குகளுக்குப் பழைய சாஃப்ட்வேர்களில் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. புதிய அவுட்லுக், தண்டர்பேர்ட் என்றால் கூகுளின் சொந்த ஜன்னல் திறந்து அனுமதி கேட்கும். பழசென்றால் 16 எழுத்துள்ள 'ஆப் பாஸ்வேர்டு' வாங்க வேண்டும். அதற்கு இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு தேவை. சரிபார்க்கும் எண் எஸ்.எம்.எஸ்.ஸில் இந்திய மொபைலுக்குத்தான் வரும் என்றால், ரோமிங் போடாத சிம்மோடு எடிசனில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? விமானம் ஏறும் முன் வீட்டிலேயே முடித்துக்கொள்ள வேண்டிய வேலை இது.

தெரிந்தவர்கள் தரும் ஒரு பழைய யோசனையும் சுற்றிக்கொண்டிருக்கிறது: மகள் வீட்டு இணைப்பை எந்த கம்பெனி தருகிறதோ, அதன் சர்வர் வழியாகவே இந்திய முகவரியில் கடிதம் அனுப்புங்கள் என்று. ஒரு காலத்தில் இது நல்ல யோசனை. இன்று ஒவ்வொரு டொமைனும், தன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு உரிமை உண்டு என்று ஒரு பட்டியலை வெளியிட்டுவைக்க முடியும், எஸ்.பி.எஃப். என்பது அதன் பெயர். பட்டியலில் இல்லாத அமெரிக்க சர்வரிலிருந்து வந்த கடிதம், வாங்குபவரின் ஸ்பாம் பெட்டிக்குப் போகலாம். திருப்பி அடிக்கவும் படலாம். திரும்பி வந்தாலாவது தெரியும். ஸ்பாமில் விழுந்தால் அனுப்பியவர் போய்விட்டது என்று நினைப்பார், மறுமுனையில் இருப்பவர் பதிலே இல்லையே என்று கோபித்துக்கொள்வார்.

இதைவிடச் சங்கடம், வீட்டிலேயே சொந்த மெயில் சர்வர் வைக்க ஆசைப்படும் எஞ்சினியர் மகன்களுக்கு. கதவு திறந்தே இருந்தாலும் பெரிய பலன் இல்லை. ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பி.பி.எல். பட்டியலில் வீட்டு இணைப்புகளின் ஐ.பி. எண்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. தப்பு செய்தவர்கள் பட்டியல் அல்ல அது; நேரடியாக மெயில் அனுப்பும் இடம் வீடு அல்ல என்று சொல்லும் பட்டியல். அதைப் பார்த்தே பல சர்வர்கள் கதவைச் சாத்திவிடுகின்றன. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் அனுப்புநர்களுக்கான விதிகளை மேலும் இறுக்கின. யாரும் யாருக்கும் நேராக எழுதலாம் என்று 1982-ல் தொடங்கிய ஏற்பாடு, சில பெரிய கம்பெனிகள் சம்மதித்தால் எழுதலாம் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறது. குப்பை குறைந்தது உண்மை. சின்னவர்களும் அதோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளப்பட்டதும் உண்மை.

ஆகவே அந்த மகன்கள் ஒரு சமரசம் செய்துகொள்கிறார்கள். இணைப்பு அனுமதித்தால், வரும் மெயிலைத் தங்கள் வீட்டு சர்வரிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். போகும் மெயிலை 587 வழியாக வேறொரு கம்பெனியின் சர்வரில் ஒப்படைத்து, தேவைப்பட்டால் அதற்கு மாதச் சந்தாவும் கட்டுகிறார்கள்.