அணுகுண்டை எதிர்த்த மூதாட்டிக்கு நம் துணை ஏன்?

2012 ஜூலையில், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் நகரில் அணுகுண்டுக்கான யுரேனியம் வைக்கப்பட்டுள்ள ஒய்-12 வளாகத்தின் வேலிகளை அறுத்து நுழைந்த மூவருள் ஒருவர், 82 வயதுக் கன்னியாஸ்திரீ மேகன் ரைஸ். சுவரில் சமாதான வாசகம் எழுதினார்கள், ஓடி ஒளியவில்லை. தண்டனையைக் குறைக்குமாறு அவர் நீதிபதியிடம் வேண்டவுமில்லை. 35 மாதச் சிறை விதிக்கப்பட்டது; நாசவேலைக் குற்றத்தீர்ப்பு 2015இல் மேல்முறையீட்டில் ரத்தானது.

சட்டத்தை மீறிய மாற்று மதத்தவரை நாம் ஆதரிக்கலாமா எனச் சிலர் கேட்கலாம். மீறலின் விளைவை அவர் மறைக்காமல் ஏற்றார். போரிலும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாதெனத் தடுத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். அணுகுண்டோ எவரையும் பிரித்தறியாது. அநீதிக்குள்ளானோருக்கு உதவ, நபித்துவத்துக்கு முன் மக்காவில் செய்யப்பட்ட ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கைக்கு, இஸ்லாம் வந்த பின் அழைக்கப்பட்டாலும் தாம் இணங்குவதாகவும் கூறினார்கள். ஆகவே, இத்தகையோர் கூண்டில் நிற்கையில் அவர்களுக்காக நியாயம் பேசுவோம்.